மயில் தோகைக்கு ஒரு கூலர்

ஜூன் 9, திங்கள்

மறுபடியும் நின்றுவிட்டது. மயிலுக்குக் கழுத்து முடிந்து தோகை விரிய ஆரம்பித்த இடத்தில் திரை கறுத்துப்போய்க் கம்ப்யூட்டர் பெட்டி அணைந்தது. நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கையில் கீரையோடு போய் நின்று பார்த்ததைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. எழுதினாலாவது ஆத்திரம் தணியுமா பார்ப்போம் என்றுதான் இந்த டைரியை எடுத்தேன்.

விஷயம் இதுதான். சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டருக்கான ஆல்பம் ஆடிப் பதினெட்டன்று பூஜை போட்டு வெளிவரும். அன்றைக்கு வெளியூர் ஏஜெண்டுகள் வந்து புரட்டிப் பார்த்து ஆர்டர் வைப்பார்கள். வெயிலுகந்தாள் ஆப்செட்டுக்குச் சாமி படங்கள் டிசைன் செய்கிறவள் நான். வேலை வீட்டிலேயே. என் படம் மாட்டாத டீக்கடை இந்தப் பக்கத்தில் இல்லை. என் பேர் தெரிந்த டீக்கடைக்காரர் ஒருத்தர்கூட இல்லை.

போன மாதம் முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டேவிட்டேன், படத்தில் என் பேரைப் போடுங்கள் என்று.

"பேரைப் போட்டா மறுவருசம் அவுகளே தனியா ஆல்பம் போட்டுர்றாக தாயி. எங்க அப்பா காலத்துலயே பட்டாச்சு" என்றார். நான் நகரவில்லை. அவரே இறங்கி வந்தார். "சரி. பூஜையன்னைக்கு மொத ஆர்டர் உன் படத்துக்கு விழட்டும். பேரு போடுறேன். ஆனி கடைசிக்குள்ள ஃபைல் எங்கைக்கு வந்துரணும்."

அதற்குத்தான் இந்த மயில்வாகன முருகன். கையால் வரைவதில்லை, பொம்மை மாதிரி கம்ப்யூட்டருக்குள் நாலா பக்கமும் செய்து வைத்திருக்கிறேன். பீலியின் ஒவ்வொரு இழையிலும் வெளிச்சம் எப்படி விழும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் படமாக்க வேண்டும். ரெண்டர் என்பது அதுதான். ராத்திரி பகல் நிற்காமல் பத்துப் பதினைந்து நாள் ஓட வேண்டும். நடுவில் நின்றால் முதலிலிருந்து.

ஜூன் 11, புதன்

காரணம் சூடு. நிற்பதற்கு முன் ப்ராசஸர் நூறு டிகிரியைத் தொட்டிருக்கிறது. சோறு வடிக்கலாம்.

நான் அதை ஓவர்க்ளாக் செய்து ஓட்டுகிறேன். அதாவது, கம்பெனிக்காரன் இவ்வளவுதான் ஓடும் என்று எழுதிக் கொடுத்த வேகத்துக்கு மேலே. வேகம் ஏறினால் சூடும் ஏறும். அதை இறக்க ப்ராசஸர் தலையில் உட்கார்ந்திருப்பது, டப்பாவோடு இலவசமாக வந்த ஒரு சுண்டைக்காய் கூலர். ஆனை வாங்கினவள் அங்குசம் வாங்க யோசித்த கதை என்னுடையது.

ஜூன் 14, சனி

ஊரே ஒரே பாட்டுப் பாடுகிறது.

இவர், அதாவது என் வீட்டுக்காரர் தவசிலிங்கம், வேறொரு பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவர். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "கொஞ்சம் வேகத்தைக் கொறைச்சு ஓட்டேன் கனி. என் மெஷினையே வெயில் நாள்ல கொறைச்சுத்தான் ஓட்டுறோம்."

அண்ணாச்சி போனில்: "கொறைச்சு ஓட்டும்மா. மயிலு பாதித் தோகையோட நின்னாலும் அழகுதான்."

குறைக்க மாட்டேன். குறைத்தால் ரெண்டர் ஆடி பிறந்த பிறகுதான் முடியும். துண்டு துண்டாகப் போட்டும் பார்த்தாயிற்று, சேர்க்கிற இடத்தில் வெளிச்சம் ஒட்டமாட்டேன் என்கிறது. வெளியூர் கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் ஆடிக்கு முன்னாலேயே என் மயில் இன்னொருத்தன் ஆல்பத்தில் ஆடும். இந்தத் தொழிலில் அது நடக்காத வருஷம் கிடையாது. மேலும், பள்ளிக்கூடத்தில் சத்தமாகச் சிரித்த நாளிலிருந்து எனக்குக் குறைத்துக்கொள், குறைத்துக்கொள் என்றுதான் சொல்லி வருகிறார்கள். மனுஷிக்குச் சொன்னது போதாதென்று இப்போது மெஷினுக்கும்.

நல்ல கூலர் வாங்கப் போகிறேன்.

ஜூன் 16, திங்கள்

விருதுநகர் போய் ஸ்டீபன் கடையில் உட்கார்ந்தேன். இந்தப் பெட்டியை எனக்குக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். நல்ல மனிதர், வாயைத் திறந்தால்தான் மூடத் தெரியாது.

"அக்கா, பேசாம வாட்டர் கூலர் போட்டுருங்க. குழாயில தண்ணி ஓடும். சும்மா ஜில்லுனு இருக்கும்."

"ஒழுகுமா?"

"ஒழுகாது. ஒழுகுனா…" என்று தலையைச் சொறிந்தார்.

சாயங்காலம் வந்து அத்தையிடம் வாயைக் கொடுத்தேன். என் மாமியார் நாகரத்தினத்துக்குத் தினக் காலண்டர் தாள் அடுக்குகிற வேலை. கூடத்தில் என் மேஜைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தேதியாக எடுத்து அடுக்கி, வருஷத்தை ஒரு கட்டாக்கி, பைண்டிங் கடைக்கு அனுப்புவார். 'நாகரத்தினம் கட்டு' என்றால் எண்ணிப் பார்க்காமலே வாங்குவார்களாம். இதை வாரத்துக்கு ஒருமுறை என்னிடம் சொல்லிவிடுவார்.

தண்ணீர் என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம். "பேப்பர் கெடக்குற வீட்டுல தண்ணிய வச்சு ஒரு மெஷினா? ஏத்தா, குடிக்கிற செம்பையே நான் அடுப்படியில வச்சுட்டு வாரேன்!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் கோபம் அதிகமாக வந்தது. தண்ணீர் வேண்டாம். காற்றுதான்.

ஜூன் 17, செவ்வாய்

காற்று என்றால் இந்த வீட்டில் இன்னொரு சிக்கல். அத்தைக்குக் காற்று ஆகாது. தாள் பறக்கும். ஜூன் மாதத்தில் ஃபேனைப் போடாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்கிற குடும்பம் சிவகாசியில் நிறைய உண்டு, அதில் ஒன்று எங்களுடையது.

ஜூன் 21, சனி

வந்துவிட்டது! இரட்டைக் கோபுரக் கூலர். அடியில் செம்புத் தகடு, அதிலிருந்து மேலே வளைந்து ஏறும் செம்புக் குழாய்கள், குழாய்களில் கோர்த்த அலுமினியத் தகடுகள் இரண்டு அடுக்காக, நடுவிலும் முன்னாலும் ஃபேன். செங்கல்லைவிடப் பெரிது. கையில் வாங்கும்போது பச்சைப் பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்கினேன்.

பழையதைக் கழற்றி, ப்ராசஸர் முகத்தைத் துடைத்து, வெப்பம் கடத்தும் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து, கோபுரத்தை இறக்கித் திருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பெட்டியின் பக்கக் கதவை மூடப் போனால் மூடவில்லை. கோபுரம் ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

பெட்டியின் அகலத்தை வெளிப்பக்கமாக வைத்து அளந்துவிட்டேன். உள்ளே போர்டு உட்காரும் இடத்திலிருந்து அளந்திருக்க வேண்டும். கம்பெனிக்காரன் அளவைத் தப்பாகப் போட்டிருக்கிறான் என்று இவரிடம் சொன்னேன்.

கதவு இல்லாமலே ஓட்டலாம். என்ன ஆகிவிடும்?

ஜூன் 22, ஞாயிறு

காலையில் எழுபத்தெட்டு டிகிரி! இதைவிட நல்ல எண்ணை நான் பார்த்ததில்லை. கேசரி கிண்டினேன்.

மத்தியானம் 'தர்ர்ர்' என்று ஒரு சத்தம். பார்த்தால் கூலர் ஃபேனில் ஒரு தாள் சிக்கிச் சுற்றுகிறது. பெட்டியை நிறுத்தி எடுத்தேன். அக்டோபர் பதினேழு. கிழிந்து மூன்றாகக் கிடந்தது.

அத்தை மூன்று துண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஒரு நாளைத் தின்னுருச்சு" என்றார். பிறகு அடுக்கி முடித்த கட்டுகளையெல்லாம் பிரித்து எந்தக் கட்டில் குறைகிறது என்று பொழுது சாயும்வரை பார்த்தார். கேசரியைத் தொடவில்லை.

கதவு மூடாத பெட்டி இந்த வீட்டில் நடக்காது. நாளைக்கு ஸ்டீபனிடம் போய் மாற்ற வேண்டும்.

ஜூன் 25, புதன்

ஒற்றைக் கோபுரம். இந்தத் தடவை உள்ளே அளந்து, காகிதத்தில் எழுதி, இரண்டு தடவை சரிபார்த்துத்தான் வாங்கினேன். தகடுகள் நெருக்கம், ஒரே ஃபேன், மெமரிக் குச்சிகளை இடிக்கவில்லை, கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அத்தை பக்கத்திலிருந்து நல்ல காற்று கிடைக்கட்டும் என்று, மேஜைக்கடியில் பெட்டியின் முகத்தை அவர் உட்காரும் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அங்கேதான் கொஞ்சம் வெட்டவெளி.

ஜூன் 26, வியாழன்

தொண்ணூற்றாறு. எனக்கு விளங்கவில்லை.

ஜூன் 28, சனி

பேஸ்ட்டை மூன்று தடவை மாற்றிவிட்டேன். கடுகளவு, பட்டாணி அளவு, கடைசியில் ஆத்திரத்தில் சந்தனம் பூசுகிற மாதிரி ஒரு பூச்சு. எதற்கும் மசியவில்லை.

ஸ்டீபன் வீட்டுக்கே வந்தார். கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கூலர் சரி, திருகு சரி, ஃபேன் சரி. திறந்து வைத்துப் பார்த்தால் சூடு இறங்குகிறது, மூடினால் ஏறுகிறது. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஒரு சுத்து கொறைச்சு…"

"ஸ்டீபன், காப்பி ஆறுது. குடிச்சிட்டுக் கிளம்புங்க."

பாவம், அவர் மேல் கோபம் இல்லை. நாள் போகிறது. இன்னும் நாலைந்து நாளில் ரெண்டரைத் தொடங்காவிட்டால் முழு வேகத்தில் ஓடினாலும் ஆனிக்குள் முடியாது. அண்ணாச்சி மாற்றுக்கு ஏதோ ஒரு ரெடிமேட் முருகனைப் பார்த்து வைத்திருக்கிறாராம். கம்ப்யூட்டரே நிமிஷத்தில் போட்ட படமாம். எனக்குக் காட்டினார்கள். வேலில் இலை இருக்கவேண்டிய இடத்தில் கரண்டி மாதிரி ஒன்று இருந்தது. அதை ஆல்பத்தில் போட்டாலும் போடுவார்கள், கீழே யார் பேரும் இல்லாமல்.

ஜூன் 30, திங்கள்

பைண்டிங் கடையிலிருந்து அத்தையின் ஒரு கட்டு திரும்பி வந்தது. நவம்பரில் இரண்டு நாள் இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாம். கொண்டுவந்த ஆள் சிரித்துக்கொண்டே, "என்ன பெரியம்மா, கண்ணு மங்கிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அத்தை கட்டை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு என் கஷ்டமே பெரிதாக இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை மெதுவாக எழுத வேண்டும்.

காலையில் அத்தை காணாமல்போன தேதிகளைத் தேடி, விளக்கமாற்றோடு வீடு முழுக்கப் பெருக்கினார். நான் உர்ரென்று மேஜையில் இருந்தேன். மேஜைக்கடியில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏ கனி. உன் பெட்டி வாயில என்ன நீட்டிட்டு இருக்கு?"

பெட்டியின் முன்முகத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு. அதில் வெள்ளையாக ஒரு முனை. அத்தை பிடித்து இழுத்தார். நவம்பர் நாலு. இன்னொன்றை இழுத்தார். நவம்பர் ஐந்து. நான் ஓடிப்போய் முன்மூடியைப் பிடுங்கி எடுத்தேன். உள்ளே காற்று உறிஞ்சுகிற வலை முழுக்கத் தாள்கள், போஸ்டர் ஒட்டின மாதிரி. செப்டம்பர், ஜனவரி, ஒரு தை அமாவாசை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கதவைத் திறந்து பார்த்தபோதெல்லாம் காற்று அந்த வழியாகப் புகுந்ததால் சூடு இறங்கியிருக்கிறது. மூடினால் மூக்கைப் பொத்தின கதை. நான் உலகத்திலேயே நல்ல கூலரை வாங்கி வைத்தாலும் மூச்சு விடாத பெட்டிக்குள் அது என்ன செய்யும்?

முகத்தை அத்தை பக்கம் திருப்பி வைத்தது நான்தான். அதை யாரும் கேட்கவில்லை.

அத்தை தாள்களைத் தேதிப்படி அடுக்கிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "என் கண்ணு மங்கலடி. உன் பெட்டிதான் அம்புட்டையும் முழுங்கிருக்கு!" நானும் சிரித்தேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

மூடியை மாட்டி ஓட்டினேன். முழு வேகம், கதவு மூடி. எண்பது.

ஜூலை 2, புதன்

பெட்டியை மேஜை மேல் ஏற்றிவிட்டேன். ஜன்னலைத் திறந்தாயிற்று, ஃபேனும் ஓடுகிறது. தாள் பறக்குமே என்றால், அத்தை தன் வேலையை அடுப்படிக்கு மாற்றிக்கொண்டார். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது.

எப்படியோ, எனக்கு வசதி. காலை பூஜை முடித்து ரெண்டரைத் தொடங்கினேன்.

ஜூலை 5, சனி

எழுபத்தொன்பது. கழுத்து முடிந்தது.

ஜூலை 8, செவ்வாய்

தோகை! போன தடவை செத்த இடத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு கண்ணும் பச்சையும் நீலமும் செம்பும் கலந்து திறக்கிறது. மஞ்சள் வெளிச்சத்தை இடப்பக்கம் வைத்தது சரிதான்.

அத்தைக்குக் கழுத்து, முதுகெல்லாம் வேர்க்குரு. வெயில் அப்படி. பவுடர் டப்பா வாங்கி அவர் தலைமாட்டில் வைத்தேன். சமையலை விடியும் முன்பே முடித்துவிடுகிறேன், அப்புறம் அடுப்பை மூட்டுவதில்லை. எனக்கும் அதுதான் சௌகரியம்.

ஜூலை 11, வெள்ளி

தண்ணீர் குடிக்க வருகிறேன் என்று அத்தை நாலு தடவை கூடத்துக்கு வந்தார். தண்ணீர்ப் பானை அடுப்படியில்தான் இருக்கிறது.

"எம்புட்டு ஆச்சு?"

"முக்கால் தோகை அத்தை."

"சூடு?"

"எண்பத்தொண்ணு."

"நேத்து எம்பதுன்னியே" என்று பெட்டியை முறைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 15, செவ்வாய்

முடிந்தது. முடிந்தது! காலை காப்பி நேரத்தில் கடைசிப் பீலி வந்து படம் முழுசாக நின்றது. ஒரு சுற்றுக்கூடக் குறைக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். இவர் பிரஸ்ஸுக்குக் கிளம்பினவர் செருப்போடு உள்ளே வந்து, திரை முன்னால் நின்று, "ஏ… இது பறந்துரும் போலருக்கே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. அத்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுப் பெட்டியையும் கும்பிட்டார்.

நாளை ஆனி கடைசி. ஃபைலை இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அண்ணாச்சி பெரிய திரையில் போட்டுப் பார்த்தார், நெருங்கிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "கரண்டி முருகனை எடுத்துருங்கடா" என்று உள்ளே சத்தம் கொடுத்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

வீட்டுக்கு வந்ததும் டைரியைத்தான் எடுத்தேன்.

ஆபீஸில் வாழைமரம், ஊதுபத்தி, ஆல்பத்துக்கு மாலை. ஏஜெண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் தேனி பரமசிவம். அவர்தான் இந்த ஆபீஸில் எப்போதும் முதல் ஆர்டர். எந்தப் பக்கத்தில் வெற்றிலை பாக்கை வைக்கிறாரோ அதுதான் கணக்கு. நான் சுவரோரம் நின்றேன்.

அவர் புரட்டினார். பிள்ளையார், லட்சுமி, குழந்தை, ஊட்டி ரோஜா. என் மயில் வந்தது. அதையும் புரட்டிப் போய்விட்டார். கடைசிப் பக்கம்வரை போனவர், வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டே பின்னாலிருந்து திருப்பிக்கொண்டு வந்தார். மயிலில் நின்றார். விரலால் தோகையைத் தடவிப் பார்த்தார், வழுவழுப்பான தாள்தானா என்று.

"அண்ணாச்சி, நெசமான மயிலை எங்க பிடிச்சீக?"

வெற்றிலையை வைத்தார். அடுத்தவரும் அதே பக்கம், அதற்கடுத்தவரும் அதே பக்கம். அண்ணாச்சி என்னைத் தேடி, கூட்டத்துக்கு மேலே கை தூக்கி, "தாயி, ஜெயிச்சுட்ட!" என்றார். அத்தனை பேர் முன்னால் அழுதேன். அழுதால் என்ன, ஜெயித்தவள்தானே.

ஆகஸ்ட் 6, புதன்

ப்ரூஃப் வந்தது, மொத்தமாக அடிக்கும் முன் சரிபார்க்கிற அச்சு. படத்தின் அடியில் வலது மூலையில், எறும்பளவில், செல்வக்கனி.

கடைக்காரர்கள் காலண்டர் வாங்கும்போது அந்த இடத்தில்தான் அவர்கள் கடைப்பேரைப் பட்டையாக அச்சடிப்பார்கள். மிச்சத்தைத் தினத்தாள் கட்டு மறைக்கும். எனக்குத் தெரியும். அச்சிலாவது ஏறிவிட்டதே, அது போதும். அண்ணாச்சி வெகுநாள் வழக்கத்தை மாற்றியிருக்கிறார், அதற்கு மேல் கேட்பது அழகில்லை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறாள் என்பார்கள்.

அத்தையிடம் காட்டினேன். ப்ரூஃபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டை எங்க வச்சு அடிப்பாகன்னு எனக்குத் தெரியாதா? இதுக்குள்ள போயி எதுக்கு ஒளியிற?" என்றார்.

"பரவாயில்ல அத்தை. விடுங்க."

"வேகத்தைக் கொறைக்க மாட்டேன்னு வீட்டையே ரெண்டாக்குனவ, இப்ப எதுக்குடி பம்முற?"

அவர் ப்ரூஃபைச் சுருட்டி, குடையையும் எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

என்ன பேசினார் என்று அத்தை சொல்லவில்லை. ஆபீஸில் இருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். அண்ணாச்சி மேஜையில் ப்ரூஃபை விரித்து, "என் மருமக இந்த மயிலுக்காக ஒரு மாசம் சண்டை போட்டா. என்கூடயும்தான். பேரு போடுறேன்னு சொன்னா தெரியிற மாதிரி போடணும் அண்ணாச்சி. மறைக்கிறதுக்குப் போடுறதுன்னா அதுக்குப் பேரு வேற" என்றாராம். அண்ணாச்சி ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டு அங்கேயே மாற்றச் சொன்னாராம்.

இன்று புது ப்ரூஃப். பட்டைக்கும் கட்டுக்கும் எட்டாத உயரத்தில், மயிலின் கொண்டைக்குப் பக்கத்தில் என் பேர். அடுப்படிக்குக் கொண்டு ஓடினேன். அத்தையை எழுப்பிக் கூடத்துக்கு இழுத்து வந்து ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்தேன். தாள் படபடவென்று அடித்தது. கண்ணாடியை மாட்டி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். செல்வக்கனி. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் முழுப் பேரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டுருக்கலாம்" என்றார்.